நின்றுபோன எஞ்சினும் ஒரு காற்றுக் குமிழியும்

பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்கத் தோன்றும். காற்று வீசினால் பாய் இழுத்துச் செல்லும். ஆனால் குறுகிய துறைமுக வாயிலில் நுழையும்போதும், காற்று ஓய்ந்துவிட்டபோதும் எஞ்சின்தான் துணை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1960-70 ஆண்டுகளில் கண்ணாடியிழையால் கட்டப்பட்ட பாய்ப்படகுகள் பல இன்றும் கடலில் ஓடுகின்றன. அவற்றில் பலவற்றின் அடிவயிற்றில் இருப்பது ஒரு சிறிய டீசல் எஞ்சின். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி, ஒரு சிறு பொறியில் வெடித்துவிடலாம். டீசலில் அந்த அபாயம் மிகக் குறைவு.

இந்தப் பழைய எஞ்சினுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அமைதியான நீரில் நன்றாக ஓடும். அலை எழும்பி, பாறைகள் பக்கத்தில் வரும் நேரம் பார்த்து, இரண்டு முறை திணறிவிட்டு நின்றுவிடும்! அப்போது படகோட்டி முதலில் செய்ய வேண்டியது எஞ்சினைத் திறப்பதன்று. பாயை விரிக்க வேண்டும். அல்லது நங்கூரம் போட வேண்டும். படகு மோதாது என்றான பிறகே திருப்புளியைத் தேடலாம்.

அலைக்கும் எஞ்சினுக்கும் என்ன தொடர்பு? எரிபொருள் தொட்டியின் அடியில் கசடும், காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கிய நீரும் ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள்கூட வளரும். அலை தொட்டியைக் குலுக்கியதும் இவை கலங்கி வடிகட்டியை அடைத்துவிடுகின்றன. பம்பு உறிஞ்சுகிறது, டீசல் வரவில்லை. குழாயினுள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைகிறது. எங்காவது ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால் போதும், வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். எஞ்சின் ஓடும்போது அந்த இடத்தில் ஒரு சொட்டு டீசலும் வெளியே கசியாது என்பதுதான் வேடிக்கை. கசிவைக் கண்ணால் தேடுபவர் ஏமாந்துபோவார்.

சிறிது காற்று புகுந்தால் என்ன கெட்டுவிடும்? டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டரில் உள்ள காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாகிறது. அதில் டீசலைப் பனிபோலத் தூவினால் தானே தீப்பற்றும். தூவுகின்ற இன்ஜெக்டரின் வாயை ஒரு சுருள்வில் ஊசியால் அழுத்தி மூடியிருக்கிறது. டீசலின் அழுத்தம் 150 வளிமண்டலம் அளவுக்கு உயர்ந்தால்தான் ஊசி எழும்பும்.

இனிக் கணக்கு. பம்பு ஒவ்வொரு முறையும் 30 கன மில்லிமீட்டர் டீசலைத் தள்ளுவதாகக் கொள்வோம். ஒரு சொட்டுக்கும் குறைவு. குழாயில் 60 கன மில்லிமீட்டர் குமிழி ஒன்று, வளிமண்டல அழுத்தத்தில் இருக்கிறது. பம்பு தள்ளியதும் குமிழி பாதியாகச் சுருங்கும். வெப்பநிலை மாறாதென்று கொண்டால், பாயில் விதிப்படி அழுத்தம் இருமடங்காகும். (இந்தப் பாயிலுக்கும் படகின் பாய்க்கும் உறவில்லை, 1662இல் விதியை வெளியிட்ட ராபர்ட் பாயில் இவர்.) அதாவது 2 வளிமண்டலம். 150 எங்கே, 2 எங்கே? பம்பு பின்வாங்கியதும் குமிழி மறுபடி விரிந்துகொள்ளும். நம் ஊர் டிராக்டர் மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்பது இதைத்தான்.

வடிகட்டியை மாற்றி, அதன் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். குமிழியற்ற டீசல் வந்ததும் திருகை இறுக்கிவிடலாம். பிறகு எஞ்சினைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இன்ஜெக்டரின் பீச்சலுக்கு நேரே மட்டும் கையை நீட்டவே கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சுழற்றும்போது படகுக்கே உரிய இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. பல படகுகளில் புகையைக் குளிர்விக்கப் புகைக்குழாயில் கடல்நீரைக் கலக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது புகையே அந்நீரை வெளியே தள்ளிவிடும். ஓடாத எஞ்சினைப் பாட்டரியால் சுழற்றிக்கொண்டே இருந்தால்? கடல்நீர்ப் பம்பும் சேர்ந்து சுழலும்; நீரைத் தள்ளப் புகை இல்லை. நீர் நிரம்பி, வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கலாம். பிஸ்டன் மேலே வருகிறது. காற்றென்றால் சுருங்கிக்கொடுக்கும். நீரோ 150 வளிமண்டல அழுத்தத்திலும் நூற்றில் ஒரு பங்குகூடச் சுருங்காது. பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத்தண்டு வளைந்துபோகும்!

ஆகவே நெடுநேரம் சுழற்றும்போது கடல்நீர்க் குழாயை மூடிவைத்து, எஞ்சின் பற்றியவுடன் திறந்துவிடுகிறார்கள். திறக்க மறந்தால் பம்பின் ரப்பர்ச் சக்கரம் நீரின்றித் தேய்ந்து கிழியும். அதனால்தான் அனுபவமுள்ள படகோட்டி எஞ்சின் சத்தம் கேட்டதும் படகின் பின்புறம் எட்டிப் பார்ப்பார். புகைக்குழாயிலிருந்து நீர் விட்டுவிட்டுக் கொப்பளித்து விழ வேண்டும்.