தடுப்பாட்டம்: ரோபோ ஓட்டுநருக்கு ஒரு பாடம்

பந்தயம் எதுவாயினும் புள்ளி எடுப்பவனே கண்ணில் படுகிறான். எடுக்கவிடாமல் தடுப்பவன் கண்ணில் படுவதில்லை. கால்பந்தில் கோல் அடித்தவன் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வரும். பத்து முறை பந்தை மறித்துத் திருப்பிய பின்வரிசை ஆட்டக்காரன் பெயர் வராது. மாணவர் ரோபோப் பந்தயங்களிலும் இதே நிலைதான். நம் வளாகத்து ரோபோக் குழுவுக்கு ஓட்டுநர் பயிற்சி பெற வரும் தம்பிமார் சிலர், "தடுக்கும் வேலையை மட்டும் எனக்குக் கொடுத்துவிடாதீர்கள், அண்ணா" என்றே பேச்சைத் தொடங்குகின்றனர். புள்ளி எடுக்கத் தெரியாதவனுக்கு ஒதுக்கும் எஞ்சிய வேலை அது என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் தவறானது. தடுப்பாட்டத்திற்கென ஒரு கணக்கும், ஒரு பௌதிகமும், ஓர் ஒழுக்கமும் உண்டு. அவற்றை இங்குச் சுருக்கமாகக் கூற முயல்கிறேன்.

ஆட்டத்தின் அமைப்பு

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் தோன்றிய ஃபர்ஸ்ட் ரோபோப் போட்டியைக் கொள்வோம். டீன் கேமன் என்பவர் 1989-இல் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 குழுக்களைக் கொண்டு முதற்போட்டியை நடத்தியது. இன்று பல நாடுகளின் உயர்நிலைப் பள்ளி மாணவர் இதில் கலந்துகொள்கின்றனர். ஆட்டக் காட்சிகளும் விதிநூல்களும் யாவருக்கும் எளிதில் கிடைப்பதால், நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்க்கும் அவை நல்ல பாடநூல்களே.

இப்போட்டியில் ஒவ்வோர் ஆண்டும் ஆட்டம் மாறும். 2024-ஆம் ஆண்டின் ஆட்டத்திற்குக் கிரெஸெண்டோ என்று பெயர். களத்தின் நீளம் ஏறத்தாழ 16.5 மீட்டர், அகலம் 8.2 மீட்டர். ஓர் அணிக்கு மூன்று ரோபோக்கள். முதல் 15 விநாடிகள் ரோபோக்கள் தாமாகவே இயங்கும். பின்னர் 2 நிமிடம் 15 விநாடிகள் ஓட்டுநர் கையில் இருக்கும். நுரையால் ஆன வளையங்களை எடுத்துச் சென்று, ஸ்பீக்கர் என்னும் உயர்ந்த வாயிலுக்குள் எறிய வேண்டும். ஓட்டுநர் நேரத்தில் அதற்கு வளையம் ஒன்றுக்கு 2 புள்ளி. ஆம்ப் என்னும் சிறு துளையில் போட்டால் 1 புள்ளி. ஒரு ரோபோ ஒரு வேளையில் ஒரு வளையத்தையே வைத்துக்கொள்ளலாம். அணியின் ஸ்பீக்கர் அதன் ஓட்டுநர் நிற்கும் முனையில் இருந்தது. அவ்வணிக்குப் புதிய வளையம் கொடுக்கும் இடமோ எதிர்முனையில் இருந்தது. ஆகவே வளையம் பெறுவது, களத்தைக் கடப்பது, எறிவது, திரும்புவது என ஒவ்வொரு ரோபோவும் சுற்றுச்சுற்றாக ஓடிக்கொண்டிருக்கும். இந்தச் சுற்றுதான் தடுப்பாட்டத்தின் அடிப்படை அளவு.

முதலில் கணக்கு

தடுப்பவர் எதிரியிடமிருந்து பறிப்பது புள்ளியை அன்று, நேரத்தை. இதை மனத்திற் கொண்டால் மற்றவை விளங்கிவிடும்.

ஓட்டுநர் நேரம் மொத்தம் 135 விநாடி. எதிரணியில் ஒரு ரோபோ 9 விநாடிக்கு ஒரு சுற்று முடிக்கிறது என்று கொள்வோம். 15 வளையங்கள் எறியும். மற்றொன்று 15 விநாடிக்கு ஒரு சுற்று. 9 வளையங்கள் எறியும். இப்போது நம் தடுப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் 4 விநாடி தாமதம் உண்டாக்குகிறார். முதலாவதன் சுற்று 13 விநாடியாகும்; அது 10 வளையங்களோடு நிற்கும். இரண்டாவதன் சுற்று 19 விநாடியாகும். அது 7 வளையங்களோடு நிற்கும். தாமதம் ஒன்றே, ஆனால் வேகமான ரோபோ இழந்தவை 5 வளையங்கள், மெதுவானது இழந்தவை இரண்டே. எனவே மறிக்கத்தக்கது எதிரணியின் மிக விரைவான ரோபோ. எளிதில் மடக்கலாமே என்று மெதுவான ரோபோவின் பின்னே ஓடுவது பயனற்ற உழைப்பு.

வரவோடு செலவையும் எழுத வேண்டும். தடுக்கப் போன நம் ரோபோ, தடுக்காமல் இருந்திருந்தால் 3 வளையங்கள் எறிந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது 6 புள்ளி. விரைவான எதிரியை மறித்தால் 10 புள்ளி மிச்சம். நிகர ஆதாயம் 4. மெதுவான எதிரியை மறித்தால் 4 புள்ளியே மிச்சம். நிகர நட்டம் 2. அணியில் மிகக் குறைவாகப் புள்ளி எடுக்கும் ரோபோவே தடுக்கச் செல்ல வேண்டும் என்பதற்கும் இக்கணக்கே காரணம்.

தண்டனையையும் மறத்தல் ஆகாது. அவ்வாண்டில் சிறு குற்றத்திற்கு 2 புள்ளியும், பெருங்குற்றத்திற்கு 5 புள்ளியும் எதிரணிக்குப் போய்ச் சேர்ந்தன. 4 புள்ளி ஆதாயத்தை ஒரே ஒரு பெருங்குற்றம் விழுங்கி, மேலும் ஒரு புள்ளியைக் கேட்கும். ஆத்திரக்காரர் இப்பணிக்கு ஆகார் என்பது இதனால் தெளிவு.

எல்லா விநாடிகளும் ஒரே விலையுடையன அல்ல. ஆம்பில் இரண்டு வளையங்கள் சேர்ந்தபின் அணியினர் ஒரு பொத்தானை அழுத்தலாம். அதன்பின் 10 விநாடி வரை ஸ்பீக்கரில் விழும் வளையத்திற்கு 2 அன்று, 5 புள்ளி. அந்த 10 விநாடியில் ஒரே சுற்றைத் தாமதப்படுத்தினாலும் பெரும்பயன் உண்டு. ஆகையால் தேர்ந்த தடுப்பவர் எதிரி ரோபோவை மட்டும் பார்ப்பதில்லை. எதிரணியின் ஆம்ப் விளக்கையும் பார்க்கிறார்.

எங்கே நிற்பது?

சடுகுடு ஆடியவர்க்கு இது சொல்லாமலே விளங்கும். பாடி வருபவன் மீது, அவன் கோட்டைக் கடந்த கணமே எவரும் பாய்வதில்லை. அவனை உள்ளே வரவிட்டு, திரும்பும் வழியை அடைக்கின்றனர். ரோபோ ஆட்டத்திலும் எதிரி எங்கே இருக்கிறான் என்பதைவிட, எங்கே போயாக வேண்டும் என்பதே பெரிது. அவனுக்கும் அவன் இலக்குக்கும் இடையே நிற்க வேண்டும். பின்னால் துரத்துபவர் எப்போதும் தாமதமாகவே வந்து சேர்வார்.

கிரெஸெண்டோ களத்தில் அணிக்கொன்றாக ஸ்டேஜ் என்னும் பெரிய சட்டகம் மூன்று கால்களோடு நின்றது. சட்டகத்திற்கும் பக்கச் சுவருக்கும் இடையிலுள்ள வழி குறுகியது. அவ்வழியின் வாயில் நின்றால், எதிரி ஒன்று மோத வேண்டும், அல்லது சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டும் நமக்கு வேண்டிய தாமதமே.

தீண்டத் தகாத இடங்களும் உண்டு. எதிரி தன் வளையம் பெறும் பகுதியில் இருக்கும்போதும், ஆம்ப் பகுதியில் இருக்கும்போதும், போடியம் என்னும் மேடைத் தூணைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதும் அவனைத் தீண்டுவது குற்றம். இவ்விடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே விதிநூலின் இப்பகுதியை ஓட்டுநர் மனப்பாடமாகவே அறிந்திருக்க வேண்டும். பாதுகாப்பான இடத்தை எதிரி அடைவதற்கு ஒரு மீட்டர் முன்னே நிற்பவர் தடுப்பவர். அடைந்தபின் மோதுபவர் எதிரணிக்குப் புள்ளி வழங்கும் வள்ளல்.

எப்படித் தீண்டுவது?

இனிப் பௌதிகத்திற்கு வருவோம். அவ்வாண்டு ரோபோவின் எடை, மின்கலமும் பம்பரும் நீங்கலாக, 125 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 56 கிலோவுக்கு மேற்படலாகாது. அவற்றையும் சேர்த்தால் 70 கிலோ அளவு. மோட்டார் எவ்வளவு வலியதாயினும், சக்கரம் தரையைப் பற்றும் அளவுக்குத்தான் ரோபோவால் தள்ள முடியும். அதற்கு மேல் சக்கரம் வழுக்கும். சம எடையும் சமமான பிடிப்பும் உள்ள இரு ரோபோக்கள் நேருக்கு நேர் தள்ளினால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். பார்வையாளர் இதைச் சமநிலை என்பர். நேரம் போய்க்கொண்டிருப்பதால் தடுப்பவருக்கு இது வெற்றி. ஆயின் சாய்வுருளைகள் பதித்த மெக்கானம் சக்கரம் உடைய ரோபோ தள்ளுவதில் வலுவற்றது. அது தள்ளுப்போரில் இறங்காமல், குறுக்கே நின்று வழிமறிப்பதே நன்று.

தள்ளுப்போர் நீண்டால் வேறொரு கேடும் வரும். 12 வோல்ட்டு மின்கலம் ஒன்றே ரோபோவின் முழு உணவு. மோட்டார்கள் திணறும்போது மின்னோட்டம் பெருகி, மின்னழுத்தம் சரியும். 7 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் கட்டுப்பாட்டுக் கணினி தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களை நிறுத்திவிடும். எனவே விட்டுவிட்டுத் தள்ளுவதே முறை.

வேகமாக மோத வேண்டுமா? வேண்டியதில்லை. 70 கிலோ ரோபோ விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மோதினால் இயக்க ஆற்றல் 560 ஜூல். 2 மீட்டர் வேகத்தில் 140 ஜூலே. வேகத்தைப் பாதியாக்கினால் அடி கால்பங்காகிறது. அந்த அடி நம் ரோபோவுக்கும் உரியது என்பதை நினைவிற் கொள்க. எறிய நிற்கும் எதிரியைச் சற்றே திருப்பினால் போதும். வாயிலின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். வளையத்தின் அகலம் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர். 3 மீட்டர் தூரத்தில் நிற்கும் ரோபோ 7 பாகை திரும்பினால் குறி 37 சென்டிமீட்டர் விலகும். வளையம் விளிம்பில் பட்டுத் தெறிக்கும். இத்திருப்பத்திற்கு நடுவில் இடிப்பது உதவாது. மூலையில் மெல்லத் தள்ள வேண்டும். கதவைக் கீல் அருகே தள்ளுபவர் உண்டோ? கைப்பிடி அருகே அன்றோ தள்ளுகிறோம்!

எண்ணிக் கொண்டே ஆடுக

எதிரியைத் தப்ப முடியாமல் அழுத்திப் பிடித்தால் நடுவர் எண்ணத் தொடங்குவார். 2024-இல் 5 விநாடிவரை பிடிக்கலாம். 2025-இல் அது 3 விநாடியாகக் குறைந்தது. அதன்பின் 6 அடி விலகிவிட வேண்டும். ஓட்டுநர் தாமே எண்ணுவது அரிது. பக்கத்தில் நிற்கும் பயிற்றுநர் உரக்க எண்ண வேண்டும். தடுப்பவர் பணி செய்யும் இடம் பெரும்பாலும் களத்தின் மறுமுனை. நடுவே ஸ்டேஜின் கால்கள் பார்வையை மறைக்கும். எதிரணி ஓட்டுநருக்கோ அவர் ரோபோ கண்ணெதிரே நிற்கும். இக்குறையைப் பயிற்றுநரின் கண்ணும் குரலும்தான் நிரப்ப வேண்டும். நம் பயிற்சியில் "விடு" என்ற சொல் கேட்டதும், கை தானே பின்னிழுக்கும்வரை பழகுகிறோம்.

ஒழுக்கம்

இடிப்பதற்கும் உடைப்பதற்கும் உள்ள எல்லை மெல்லியது. நுரைக்குழல் வைத்துத் துணி போர்த்திய பம்பரோடு பம்பர் மோதுவது ஆட்டம். அதைத் தாண்டி எதிரியின் உட்பகுதியைத் தாக்குவதும், கவிழ்ப்பதும் குற்றம். விதி மட்டும் இதற்குக் காரணம் அன்று. தகுதிச் சுற்றில் கூட்டாளிகள் ஆட்டத்திற்கு ஆட்டம் மாறுவர். காலையில் நாம் உடைத்த கை, மாலையில் நம் அணிக்காக வளையம் எறிய வேண்டிய கையாக இருக்கலாம். இப்போட்டியை வளர்த்த எம்.ஐ.டி. பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் (1943-2019), கடுமையாகப் போட்டியிடுவதும் எதிரியை மதிப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை இதன் அடிப்படைப் பண்பாக்கினார். தடுப்பவரிடத்தில்தான் அப்பண்பு மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது.

பணம் குறைந்த குழுக்களுக்கும் இப்பணியில் ஒரு வாயில் திறந்திருக்கிறது. தகுதிச் சுற்று முடிந்ததும் 8 அணித் தலைவர்கள் ஆளுக்கு இரு கூட்டாளிகளைத் தேர்வர். இரண்டாம் முறை வரிசை தலைகீழாகும். முதலிடம் பெற்ற அணிக்குக் கடைசித் தேர்வே கிடைக்கும். அப்போது அவர்கள் தேடுவது விலையுயர்ந்த எறிபொறியை அன்று. பழுதாகாமல் ஓடும் எளிய வண்டியையும், குற்றம் புரியாமல் மறிக்கத் தெரிந்த ஓட்டுநரையும்தான். நல்ல வண்டி கட்டப் பணம் இல்லாதவர், நல்ல ஓட்டுநராகப் பழகிக்கொள்ளலாம். அதற்கு வேண்டியது நேரமும் பொறுமையுமே.

ஆகவே தம்பிமார்க்கு ஒரு வேண்டுகோள். நம் பயிற்சிக் குறிப்பேட்டில் இதுவரை எடுத்த புள்ளிகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. இனி, எதிரி தடுப்பின்றி 135 விநாடியில் எடுக்கும் புள்ளியை ஒரு பத்தியிலும், தடுக்கப்பட்டபோது எடுத்த புள்ளியை அடுத்த பத்தியிலும் எழுதுவோம். அவ்விரண்டின் வேறுபாட்டிலிருந்து தண்டனைப் புள்ளியைக் கழித்தால் கிடைப்பதே தடுத்தவர் மதிப்பெண். அதை அவர் பெயருக்கு நேரே எழுதுவோம்.