பட்டையைக் கூட்டினேன், வண்டி நிமிர்ந்தது, தக்காளி நசுங்கியது

போன ஆண்டு வரை எங்கள் பிக்கப் வண்டி பாரம் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிடும். பட்டறைக்குப் போனேன். "ரெண்டு பட்டை சேர்த்து விடுறேன் தம்பி, கல்லு மாதிரி நிக்கும்" என்றார்கள். நிஜமாகவே கல்லு மாதிரிதான் நின்றது.

அடுத்த வாரம் 30 பெட்டி நாட்டுத் தக்காளியோடு திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போனேன். இறக்கும்போது அடிப்பெட்டிகளில் சாறு ஒழுகியது. வாடிக்கையாக வாங்கும் அக்கா ஒரு பழத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இன்னைக்கு ரசத்துக்குத்தான் ஆகும். நாளைக்கு வச்சிருக்க முடியாது" என்றார். மருந்தே அடிக்காமல் மாதக்கணக்கில் வளர்த்த பழத்தை ஒன்றரை மணி நேரப் பயணத்தில் நானே கெடுத்திருந்தேன்.

இடைத்தரகர் வேண்டாமென்று நம்மில் பலர் சொந்த வண்டியில் காய்கறி கொண்டுபோகிறோம். அவர்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வெறும் வண்டியைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது

பிக்கப் வண்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கித்தான் நிற்கும். அது குறை இல்லை. பாரம் ஏறியதும் மட்டத்துக்கு வரட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். ஆகவே நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வண்டி எப்படி நிற்கிறது என்று பாருங்கள். எப்போதோ ஒருநாள் ஏற்றும் அதிக பாரத்துக்காகப் பட்டையைக் கூட்டினால், மற்ற நாளெல்லாம் வண்டி குதிக்கும்.

பட்டையின் கணக்கு

எடைக்கு நன்றாக அமுங்கும் ஸ்பிரிங்தான் மெதுவாக ஆடும். 16 சென்டிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் நொடிக்குச் சுமார் 1.25 தடவை ஆடும். அதே எடைக்கு 4 சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கினால் நொடிக்கு 2.5 தடவை. முதலாவது தொட்டில் ஆட்டம், இரண்டாவது உலுக்கல்.

பட்டையின் கனம் கொஞ்சம் கூடினாலும் விறைப்பு பல மடங்கு கூடும். 8 மில்லிமீட்டர் பட்டையை எடுத்துவிட்டு அதே அகல நீளத்தில் 10 மில்லிமீட்டர் பட்டை போட்டால் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். எனக்குப் போட்டது இரண்டு கனத்த பட்டைகள். என்ன நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று: சாதாரண ஷாக் அப்சார்பர் வண்டியைத் தூக்கிப் பிடிப்பதில்லை. ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. பின்பக்கம் தாழ்கிறது என்று ஷாக்கை மட்டும் மாற்றினால் காசு போகும், வண்டி நிமிராது.

முதலில் அளந்து பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, நாலு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். காலியாக ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை. இடமும் வலமும் வித்தியாசப்பட்டால் ஒரு பக்கப் பட்டை உடைந்திருக்கலாம், தளர்ந்திருக்கலாம். கீழே படுத்துப் பட்டைகளில் விரிசல், யூ போல்ட் தளர்வு, தேய்ந்த புஷ், இறுகிப்போன ஷேக்கிள், ஷாக்கில் எண்ணெய்க் கசிவு எல்லாம் பாருங்கள். பட்டைகளுக்கு நடுவே துரு பிடித்தால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது. அதுவே வண்டியை முரடாக்கும்.

நான் இதைச் செய்தபோது இடது பக்கம் இரண்டாவது பட்டை உடைந்திருந்தது. மண்ணில் என்ன குறை என்று பார்க்காமல் மூட்டை உரத்தைக் கொட்டுவதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிற நான், வண்டிக்கு அதையேதான் செய்திருக்கிறேன்!

பாரம் வைக்கும் இடம்

இதற்குச் செலவே இல்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 300 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 500 கிலோவைப் பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் வைத்தால் பின்சக்கரங்களுக்கு 400 கிலோவும் முன்சக்கரங்களுக்கு 100 கிலோவும் போகும். அதையே 60 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால் பின்சக்கரங்கள் 600 கிலோ தாங்கும், முன்பக்கத்திலிருந்து 100 கிலோ குறைந்துவிடும். ஸ்டீயரிங் லேசானதற்குக் காரணம் இதுதான். இப்போது கனமான பெட்டிகளை கேபினை ஒட்டி அடுக்குகிறோம். கீரை மாதிரி லேசானவை கடைசியில்.

நாங்கள் சரிசெய்தது

வேறொரு பட்டறைக்காரர், வயதானவர், சேர்த்த இரண்டு பட்டைகளையும் கழற்றினார். உடைந்ததற்குப் பதில் அதே கனத்தில் புதுப்பட்டை போட்டார். படுத்துப்போன மற்ற பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, துரு நீக்கி, இரு பக்கமும் ஒரே அளவாக அமைத்தார். அடியில் ஒரு உதவிப் பட்டை வைத்தார். பாரம் குறைவாக இருக்கும்போது அது சும்மா இருக்கும். பாரம் கூடி மேல்பட்டைகள் அமுங்கிய பிறகுதான் அது சேர்ந்து தாங்கும். தேய்ந்த ஷாக்குகளையும் ஜோடியாக மாற்றினோம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் சொன்னார். மறக்காமல் செய்யுங்கள்.

பிரேக்கை மறக்காதீர்கள்

அந்தப் பெரியவர் காட்டிய ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து அது பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். வண்டியை உயர்த்திவிட்டு அதைச் சரிசெய்யாவிட்டால், பாரம் இருந்தும் காலி வண்டி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பின்பிரேக் முழுசாகப் பிடிக்காது. "தம்பி, நீங்க இவ்வளவு நாளா முன்பிரேக்கை நம்பித்தான் ஓட்டியிருக்கீங்க" என்றார். பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டியில்தான் போய்வந்திருக்கிறோம். பட்டையில் கை வைத்தால் இந்த வால்வையும் முன்விளக்கின் உயரத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எடைக்கு மேல் ஏற்ற எந்தப் பட்டையும் அனுமதி தராது. பட்டை தாங்கினாலும் பிரேக்கும் டயரும் அச்சும் பழையவைதான்.

இப்போது 30 பெட்டியோடு வண்டி மட்டமாக நிற்கிறது. குழியில் இறங்கினால் ஒரு தடவை அமுங்கி எழுந்து அடங்கிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதே அக்கா அடிப்பெட்டியைத் திறக்கச் சொல்லி, அதிலிருந்தே மூன்று கிலோ பொறுக்கிக்கொண்டு போனார்.