இருக்கிறதா என்பதோடு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்

அறிமுகப் புள்ளியியல் வகுப்பில் நம்பிக்கை இடைவெளி ஒரு பாடம், கருதுகோள் சோதனை இன்னொரு பாடம். நடுவில் சில வாரங்கள் ஓடிவிடும். மாணவர்கள் இரண்டு சூத்திரங்களையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இரண்டும் ஒரே தரவைப் பற்றிப் பேசுபவை என்பது மட்டும் பிடிபடாது. கருதுகோள் சோதனையை ஈகான் பியர்சனோடு சேர்ந்து 1933-ல் வகுத்த ஜெர்சி நெய்மன்தான் 1937-ல் நம்பிக்கை இடைவெளிக்கும் முழு வடிவம் தந்தார். ஒருவர் கையில் வளர்ந்த இரண்டையும் ஒரே நாளில் நடத்துவதே பலன் தருகிறது என்பது என் வகுப்பறை அனுபவம்.

தொடங்க நாணயம் போதும்.

100 முறை சுண்டி 60 தலை. இன்னொரு நாணயத்தை 10,000 முறை சுண்டி 5,100 தலை. தலையும் பூவும் சமவாய்ப்பு என்ற இன்மைக் கருதுகோளைச் சோதித்தால் இரண்டிலும் பி-மதிப்பு ஏறக்குறைய 0.046. 'நிராகரிக்கலாம்' என்று எழுதியதோடு மாணவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். அங்கேயே 95% இடைவெளியையும் போடச் சொல்ல வேண்டும். முதல் நாணயத்துக்கு 50.4 முதல் 69.6 சதவீதம், இரண்டாவதற்கு 50.02 முதல் 51.98. பி-மதிப்பு ஒன்றே, செய்தி வேறு. முதலாவதன் சாய்வு பெரிதாகவும் இருக்கலாம். இரண்டாவதன் சாய்வு இருந்தாலும் மிகச் சிறியது. வகுப்பு நிமிர்ந்து உட்காருவது இந்த இடத்தில்தான்.

பிறகு உண்மைத் தரவுக்குப் போகலாம். அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்கள் பங்கேற்ற ஆஸ்பிரின் ஆய்வின் முதல் முடிவுகள் 1988-ல் வந்தன. போலி மாத்திரை எடுத்த 11,034 பேரில் 189 பேருக்கு மாரடைப்பு. ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 104. பி-மதிப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்த எண் வித்தியாசம் இருக்கிறது என்பதோடு நின்றுவிடும். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 5 முதல் 11 மாரடைப்புகள் குறையலாம் என்பதை இடைவெளிதான் சொல்கிறது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் தேவைப்படுவது அதுதான்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். இடைவெளிக்கு வெளியே உள்ள மதிப்புகளைச் சோதனை நிராகரிக்கும் என்ற உறவைச் சராசரியில் காட்டுவது நல்லது. விகிதாசாரத்தில் இரண்டின் திட்டப்பிழையும் வேறுபடுவதால் எல்லையோரத்தில் முரண்படக்கூடும். அதேபோல, இரு குழுக்களின் இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலே வித்தியாசம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது; வித்தியாசத்துக்கென்று தனி இடைவெளி போட வேண்டும்.

மாணவர்கள் தேர்வில் வருவதைத்தான் படிப்பார்கள். ஆகவே ஆசிரியர்களே, பி-மதிப்பு கேட்கும் ஒவ்வொரு வினாவிலும் இடைவெளிக்கும் அதன் பொருளுக்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள்.