மின் கட்டணம் உயர்ந்தால் வினவும் முறை

சக்கம்பட்டித் தறி வீட்டிலாயினும் கம்பம் தோட்டக்காரர் வீட்டிலாயினும், மின் கட்டணம் திடீரென உயர்ந்தால் அங்கத்தினர்கள் முதலில் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

நம் மாநிலத்தில் வீட்டு மின்சாரம் இரு மாதக் கணக்கு. 2024 ஜூலையில் வகுத்த விகிதப்படி 500 யூனிட்டுக்கு ரூ. 1,805, 501 யூனிட்டுக்கோ தொகை வெகுவாகக் கூடும். எல்லையைக் கடந்தால் விகிதம் கூடுவதே காரணம். கணக்கெடுப்பு பத்து நாள் தாமதித்தாலும் இவ்வாறு நேரலாம். ஆதலால் தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒவ்வொரு முறையும் குறித்து, பட்டியலுடன் ஒப்பிடுக. கைத்தறியாளர், 2023இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்ட இலவசச் சலுகை தம் கணக்கில் சேர்ந்துள்ளதா எனவும் காண்க.

பிழை இருப்பின் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றமைக்கு ஒப்பம் வாங்குக. அங்கே தீராவிடில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் உள்ளனர்.

கோபத்தால் பணம் கட்டாதிருத்தல் தகாது. கேட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரி ஆகிய இரண்டில் குறைந்ததை ஆட்சேபத்துடன் செலுத்தினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கலாகாது என்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. விளக்கும் அணையாது, வழக்கும் நிற்கும்.