குடியை விட ஒரு துணை



சம்பள நாள் மாலையில் நமது தோட்டத்து லயங்களில் எத்தனையோ தாய்மார் வாசலைப் பார்த்தபடி இருக்கிறார்கள். கடைக் கடனுக்குரிய பணம் தவறணையில் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. மறுநாட் காலை கணவன் அழுகிறான். பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறான். பத்து நாள் செல்லுமுன் சத்தியம் முறிந்துவிடுகிறது. "மனம் வைத்தால் விடலாம், அவனுக்கு மனமில்லை" என்று ஊரார் தீர்ப்புச் சொல்லுகிறார்கள். இத்தீர்ப்பு சரியானதா? இதுவே இன்றைய பாடம்.

1. முதலில் வைத்தியர்

குடிக்கு அடிமையாதலை உலக சுகாதார தாபனம் நோய்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. நெடுநாள் குடித்தவரின் உடலும் மூளையும் மதுவுக்குப் பழகிவிடுகின்றன. அது திடீரென நின்றால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை உண்டாகும். சிலருக்கு வலிப்பும் சித்தப் பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே தினமும் மிகுதியாகக் குடிப்பவரைக் காம்பராவில் பூட்டிவைத்துத் திருத்த முயலாதீர்கள். டிக்கோயா அல்லது நுவரெலியா அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். சில நாட்களில் உடல் தெளியும். ஆனால் மனத்தின் தாகம் அவ்வளவு விரைவில் தீராது. அதற்குத்தான் துணை வேண்டும்.

2. அக்ரன் நகரில் நடந்தது

1935 மே மாதம் பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குத் தரகர், அமெரிக்காவின் அக்ரன் நகருக்கு வியாபார அலுவலாகச் சென்றார். அவர் குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. அலுவல் தோல்வியில் முடிந்தது. தங்கியிருந்த விடுதியின் ஒரு பக்கத்தில் மதுச்சாலை; மறுபக்கத்தில் தொலைபேசியும் அவ்வூர்த் தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசியை எடுத்து ஒரு போதகரை அழைத்தார். அவர் கேட்டது புத்திமதி அன்று. தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியை!

அதன் வழியாக பொப் ஸ்மித் என்ற வைத்தியரைச் சந்தித்தார். கால் மணி நேரம் மட்டும் இருப்பதாக வந்த வைத்தியர், பல மணி நேரம் மனந்திறந்து பேசினார். இடையில் அவர் ஒருமுறை தவறி மீண்டும் குடித்தார். பில் அவரைக் கைவிடவில்லை. வைத்தியர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10 ஆம் திகதியே 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்', அதாவது ஏ.ஏ. இயக்கத்தின் பிறந்த நாளாயிற்று. 1939 இல் அதே நகரின் புனித தோமையார் வைத்தியசாலையில் அருட்சகோதரி இக்னேஷியா, வைத்தியர் பொப்புடன் சேர்ந்து குடிநோயாளருக்குக் கட்டில் கொடுத்துப் பராமரிக்கத் தொடங்கினார்.

3. கூட்டத்தில் என்ன நடக்கும்?

ஒருவர் பின் ஒருவராகத் தம் கதையைச் சொல்லுவர், மற்றவர்கள் கேட்பர். கட்டணமில்லை. முழுப் பெயர் சொல்லவேண்டியதில்லை. குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. ஏ.ஏ. எந்தச் சமயத்தையும் சார்ந்ததன்று; இந்துச் சகோதரரும் இஸ்லாமியச் சகோதரரும் நம்மோடு அமரலாம். 'மூடிய' கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டும். 'திறந்த' கூட்டத்திற்கு யாரும் போகலாம்.

4. எங்கே தேடுவது?

வைத்தியசாலையில் மனநல வைத்தியரிடம் விசாரியுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். கொழும்பில் சுமித்திரயோ அமைப்பின் 'மெல் மெதுர' இப்பணியைச் செய்கிறது, ஏ.ஏ. கூட்டங்கள் எங்கே நடக்கின்றன என்றும் அங்கே விசாரிக்கலாம். எந்த மொழியில் பேசுவார்கள், கடைசி பஸ்ஸுக்கு முன் முடியுமா, தொலைபேசி வழியாகச் சேரலாமா என்று கேட்டறியுங்கள்.

ஹற்றனிலிருந்து வாரந்தோறும் கொழும்புக்குப் போய்வர ஏழைத் தொழிலாளியால் இயலாது. மெய்தான். ஆனால் அக்ரனில் இருந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர்! குடியை விட்ட ஒருவர் அடுத்த தோட்டத்தில் இருப்பார். அவரைப் பங்குத்தந்தை அறிவார். இருவரையும் சேர்த்துவைத்து, ஆலய மண்டபத்தில் ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும். பேச்சை அவர்களிடமே விட்டுவிடவேண்டும்.

5. வெட்கம் எதற்கு?

"கூட்டத்துக்குப் போவதை லயம் முழுவதும் பார்க்குமே" என்று அஞ்சுகிறோம். அவர் குடித்து வடிகானில் விழுந்து கிடந்ததை அதே லயம் பார்த்திருக்கிறதே! விழுந்ததைப் பார்த்த கண்கள் எழுவதையும் பார்க்கட்டும்.

மனைவிமாருக்கும் ஒரு சொல். பிரட்டுக்கு வராத கணவனுக்காகக் காய்ச்சல் என்று பொய் சொல்வதும், அவனுடைய சாராயக் கடனை அடைப்பதும் அன்பு போலத் தோன்றினும் நோயையே வளர்க்கும். உங்கள் பாரத்தையும் நீங்கள் தனியே சுமக்கவேண்டாம். குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென்றே பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951 இல் 'அல்-அனோன்' குழுக்களை ஒன்றுசேர்த்தார். ஆனால் உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ அடி விழுமானால், முதலில் பாதுகாப்பான இடம் தேடுங்கள், அதில் பாவமில்லை.

வீட்டில் சேர்ந்து சிந்திக்க:

அ. நம் உறவில் குடியால் வருந்துபவரிடம் கடைசியாக எப்போது கோபமின்றிப் பேசினோம்?

ஆ. நம் தோட்டத்தில் குடியை விட்டவர் யார்? அவரிடம் உதவி கேட்டோமா?

இ. ஒருவர் மீண்டும் தவறினால், "பார்த்தாயா!" என்போமா, "நாளைக்கும் வா" என்போமா?