பில் போடும் கம்ப்யூட்டர்: பழைய ஐ5 வாங்கலாமா, புதிய என்100 வாங்கலாமா?



மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எங்கள் மண்டிக்கு வந்திருந்தபோது ஒரு சந்தேகம் கேட்டார். "அண்ணாச்சி, பில் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும். ஒருத்தர் பழைய ஐ5 மெஷின் தர்றேங்கிறார். இன்னொருத்தர் என்100னு புதுசு ஒண்ணு சொல்றார். ஐ5தானே பெரிசு?"

2019-இல் நானும் 'ஐ5' என்ற ஸ்டிக்கரை நம்பி இரண்டு பழைய மெஷின்கள் வாங்கியவன். 2025-இல் இரண்டையும் கவுண்டரிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. விற்றவர் மீது குறை சொல்வதற்கில்லை. கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. அந்த நஷ்டம் மற்றவர்களுக்கு வரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

பெயரும் வயதும்

பிராசசர் என்பது கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் மூளை. 'ஐ3', 'ஐ5', 'ஐ7' என்பவை இன்டெல் கம்பெனி தன் சரக்குக்கு வைத்த ரகப் பெயர்கள். ரகம் மட்டும் தெரிந்தால் போதாது, எந்த வருடத்துச் சரக்கு என்றும் தெரிய வேண்டும். அதற்கு ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-4570 என்றால் நான்காம் தலைமுறை. ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. அரிசி பழசானால் விலை கூடும். பிராசசர் அப்படியல்ல.

நண்பருக்குச் சொல்லப்பட்டது ஐ5-4570. அது 2013-இல் வெளிவந்தது. என்100 வந்தது 2023-இல். இரண்டும் இன்டெல் தயாரிப்புத்தான்.

இரண்டையும் தராசில் வைத்தால்

கோர்: ஐ5-4570-இல் 4, என்100-இலும் 4. ஒரே நேரத்தில் வேலை செய்யும் நான்கு கடைப் பையன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம்: ஐ5-4570 அதிகபட்சம் 3.6 கிகாஹெர்ட்ஸ், என்100 அதிகபட்சம் 3.4. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 100 கோடி துடிப்பு.

கேஷ் மெமரி: இரண்டிலும் 6 எம்.பி. கேஷ் என்றதும் கல்லாப் பணம் என்று எண்ண வேண்டாம். அடிக்கடி கேட்கும் சரக்கைக் குடோனில் வைக்காமல் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறோம் அல்லவா, அதைப் போன்றது இது.

வாட்: ஐ5-4570-க்கு 84; என்100-க்கு 6.

முதல் மூன்றிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வேகத்தை அளக்கும் பொதுவான சோதனைகளிலும் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நிற்கின்றன. பத்து வருடத்துக்கு முந்தைய ஐ5 செய்த வேலையை, இன்டெல் வரிசையில் கடைசிப் படியில் இருக்கும் என்100 செய்துவிடுகிறது. நான்காவது கணக்கில்தான் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

கரண்ட் கணக்கு

இந்த 84, 6 என்பவை பிராசசர் வெளிவிடும் வெப்பத்தின் அளவுகள். மீட்டர் அப்படியே 14 மடங்கு குறைந்துவிடாது. மானிட்டர், பிரிண்டர் எல்லாம் தனியாக இழுக்கும். கடை வேலையில் பிராசசரும் பாதி நேரம் சும்மாதான் இருக்கும். ஆகவே குறைத்தே கணக்கிடுவோம். ஒரு மெஷினுக்கு 30 வாட் மிச்சம் என்று வைத்தால், தினம் 12 மணி நேரத்துக்கு 0.36 யூனிட், வருடம் 300 நாளைக்கு 108 யூனிட். உங்கள் கடைக் கட்டண விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். கரண்ட் போனால் யு.பி.எஸ். பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

முக்கியமான இடம்

என் மெஷின்களை ஒதுக்க வைத்தது வேகமும் அல்ல, கரண்டும் அல்ல. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த பிராசசர் வேண்டும். ஐ5-4570 அந்தப் பட்டியலில் இல்லை, என்100 இருக்கிறது. குறுக்கு வழியில் ஏற்றித் தருவோரும் உண்டு. அப்படி ஏற்றினால் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

வீட்டில் படம் பார்க்கும் மெஷினுக்கு இது சிறு விஷயமாக இருக்கலாம். நம் மெஷினில் இருப்பதோ ஜி.எஸ்.டி. கணக்கு, பேங்க் பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் பாக்கி. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பத்திரப்படுத்த வேண்டும். பூட்டு இல்லாத கல்லாவில் யாராவது பணம் வைப்போமா?

என்100-இன் குறைகள்

நல்லதை மட்டும் சொன்னால் அது வியாபாரி பேச்சாகிவிடும். என்100 போர்டோடு பற்றவைக்கப்பட்டு வருவது. பின்னால் பிராசசரை மட்டும் மாற்ற முடியாது. மெமரிக்கு ஒரே வழித்தடம்தான். பழைய ஐ5-க்கு இரண்டு உண்டு. சின்னப் பெட்டிகள் பலவற்றில் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் பெரிய கேபிளைச் செருக இடம் இருக்காது. பல கவுண்டர்களின் கணக்கையும் ஒரே மெஷினில் சேர்த்து வைக்கும் மொத்த வியாபாரிக்கு இது போதாது. அவர் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 போன்றதைப் பார்க்கலாம்.

பழைய ஐ5 ஏற்கனவே வைத்திருப்பவர்கள் தூக்கி எறிய வேண்டாம். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, இண்டர்நெட் இணைப்பு இல்லாமல் குடோன் இருப்பு எழுத வைத்துக்கொள்ளலாம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. பிராசசரின் முழு எண் என்ன? 'ஐ5' என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள்.
2. விண்டோஸ் 11 முறையான லைசென்ஸுடன் வருகிறதா?
3. மெமரி 8 ஜி.பி., எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. இருக்கிறதா? மெஷின் மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.
4. உங்கள் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர் இரண்டையும் மாட்டிக் காட்டுவார்களா?
5. ஜி.எஸ்.டி. பில்லும் வாரண்டியும் எழுத்தில் உண்டா?

மூட்டையின் மேல் அச்சடித்த பெயரைப் பார்த்து நாம் பருப்பு வாங்குவதில்லை. கம்பி குத்திச் சாம்பிள் எடுத்து, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். கம்ப்யூட்டர் வாங்கும்போதும் அதே பழக்கத்தைக் கைவிடாமல் இருந்தால், நஷ்டம் நம் பக்கம் வராது.