குடிமராமத்தும் நீர்கட்டியும்

முன்னுரை

திருவாரூர்த் தேரின் வடத்தைப் பிடிப்போர் ஆயிரக்கணக்கானோர். எவரும் கூலி கேட்பதில்லை. ஆயினும், சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இட்டுத் தேரைத் திருப்புவோர் பயின்ற சிலரே. எந்தப் பொதுப்பணியிலும் தொண்டர்க்குரிய வேலை ஒன்று, ஊதியம் பெறும் பணியாளர்க்குரிய வேலை மற்றொன்று. இவ்வேறுபாட்டைக் காவிரிப் பாசனத்தைக் கொண்டு ஆராய்வோம்.

இருவகை வேலை

மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் ஜூன் 12. அதற்குமுன் வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும். இது சில நாள் வேலை. ஆனால் பல கைகள் தேவை. ஊரார் கூடிச் செய்யும் இதற்கே குடிமராமத்து என்று பெயர்.

தண்ணீர் வந்தபின் வேலை வேறு. முறை வைத்து மடை திறக்க வேண்டும். இரவிலும் கரை காக்க வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் கடைமடைக்கும் நீர் சேர்க்க வேண்டும். ஓய்ந்த நேரத்தில் வந்துபோகும் தொண்டரால் இஃது இயலாது. எனவே தமிழகச் சிற்றூர்கள் பல, நீர்கட்டி, நீர்பாய்ச்சி என ஒருவரை அமர்த்தி, அறுவடையில் அவருக்கு நெல் அளந்தன. ஊதியத்தை எல்லாரும் சேர்ந்து அளித்தால்தான் பணியாளர் எல்லார்க்கும் பொதுவாக நிற்க முடியும்.

விருப்பமா, கட்டாயமா?

குடிமராமத்தைத் தூய தொண்டெனப் போற்றுவோர் ஒன்றை மறக்கலாகாது. அதனை வலியுறுத்திய 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே ‘சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம்’ என்பதாகும். தஞ்சையில் மண்வெட்டி பிடித்தவரோ பெரும்பாலும் நிலமற்ற பண்ணையாட்கள். அவர்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல்தான். நிலமுடையவரின் கடமையை நிலமற்றவர் தலையில் சுமத்துவது தொண்டன்று. மறுக்கும் உரிமை உடையவரே தொண்டர்.

2017-இல் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, செலவில் 10 விழுக்காட்டைப் பயன்பெறுவோரே பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ ஏற்க வேண்டுமென வகுத்தது. பயன் யாருக்கோ, பங்கும் அவருக்கே என்பது நேரிய முறை.

முடிவுரை

1969-இல் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்றுகிறோம். முகாமுக்குச் செல்லுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இவ்வேலையை நாம் செய்யாவிடில் யார் செய்வர்? கோடையில் வயல்வேலை இல்லாத உழைப்பாளிக்குத் தூர்வாரும் கூலியே அடுப்பெரிக்கும். அக்கூலியை மிச்சப்படுத்த நம்மை அழைத்தால், நாம் செய்வது தொண்டாகாது. ஏழையின் வயிற்றில் அடிப்பதாகும். கூலி கொடுக்க ஆளில்லாத வேலையைத் தேடிச் செய்வதே நமக்கு அழகு.